வானை எழுதிய ஓவியர்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் காலனிச் சிறுவர் சிறுமியர்க்கு ஓவியப் போட்டி நடத்துவது வழக்கம். சென்ற முறை நடுவர் மூவருள் ஒருவனாக இருக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. இயற்கைக் காட்சி என்பது தலைப்பு. நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள் எங்கள் மேசைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே சிரிக்கும் சூரியன், மலையினின்று இறங்கிவரும் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, குடிசையருகே ஒரு தென்னை. வானம் என்பது தாளின் உச்சியில் தீட்டிய ஒரு நீலப் பட்டை. ஏழாம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி மட்டும் நம் கட்டடங்களின் மொட்டைமாடிகளைத் தாளின் அடியில் இரு விரல் அகலத்திற்கு எழுதிவிட்டு, எஞ்சிய இடம் முழுவதையும் சாம்பலும் மஞ்சளும் கலந்த மேகங்களால் நிரப்பியிருந்தாள். வெறும் மேகந்தான் இருக்கிறது, படத்திற்குப் பொருளே இல்லை என்று உடனிருந்த நடுவர் கருதினார். நானும் மறுத்துரைக்கவில்லை. பரிசு சிரிக்கும் சூரியனுக்கே சென்றது.

போட்டி முடிந்து வெளியே வந்தபோது பிற்பகல் நான்கு மணி இருக்கும். மும்பையில் மழைக்காலம் தொடங்கும் நாள்கள் அவை. கிழக்கே கருமேகம் மலைபோற் குவிந்து நின்றது. மேற்கே மேகத்தின் விளிம்பு சற்று விலகிய இடத்தினின்று வெயில் சாய்ந்து வீழ்ந்தது. அழுக்கேறி நீர்க்கறை படிந்த நம் பழைய கட்டடம் அக்கருமையின் முன்னே பொன்வார்த்தாற்போல ஒளிர்ந்தது. கொடியிற் காய்ந்த வேட்டி ஒன்று கண்ணைப் பறித்தது. பத்து நிமிடத்தில் மேற்கிலும் மேகம் மூடிக்கொண்டது. பொன் எல்லாம் சாம்பலாயிற்று. நாள்தோறும் காணும் கட்டடந்தான். கல்லும் சுண்ணமும் மாறவில்லை; ஒளி மட்டுமே மாறியது. அச்சிறுமி எழுதியது இதனையே என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. மனம் உறுத்தியது. வாழ்நாள் முழுவதும் இதே குறையைக் கேட்டுக் கேட்டும் மேகத்தை விடாத ஓர் ஆங்கில ஓவியரின் நினைவு உடன் வந்தது. மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, அவர் வரலாற்றையே எழுதுவதெனத் துணிந்தேன்.

அவர் பெயர் ஜான் கான்ஸ்டபிள். பெயரைக் கேட்டவுடன் தொப்பியும் தடியும் தாங்கிய காவலர் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. அவர்க்கும் இவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சபோக் என்னும் கோட்டத்தைச் சார்ந்த கிழக்கு பெர்கோல்ட் என்ற சிற்றூரில், 1776-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கோல்டிங் கான்ஸ்டபிள் செல்வம் வாய்ந்த தானிய வணிகர். அவ்வூரின் அருகே ஓடும் ஸ்டூர் ஆற்றின் கரையில் ஃபிளாட்ஃபோர்டு, டெடம் என்னும் இடங்களில் அவர்க்கு நீராலைகள் இருந்தன. மேட்டு நிலத்தில் காற்றாலை ஒன்றும் இருந்தது. அரைத்த மாவு படகேறி ஆற்று வழியே சென்று, பின்னர்க் கப்பலில் இலண்டனை அடையும். இத்தொழிலை மகன் மேற்கொள்ள வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். ஜானும் ஓராண்டுக்காலம் காற்றாலையில் வேலை பார்த்தார்.

அவ்வோராண்டு வீண்போகவில்லை. காற்றாலைக்காரனுக்கு வானமே கடிகாரம், வானமே எசமானன். காற்று எத்திசையினின்று வருகிறதோ அத்திசைக்கு ஆலையின் முகத்தைத் திருப்ப வேண்டும். தொலைவில் எழும் மேகத்தைக் கண்ட அளவிலேயே புயல் வருமா, தூறலோடு போகுமா என்று துணிய வேண்டும். பிழைபட்டால் இறக்கைகள் முறியும். சில வேளை ஆலையே எரியும். மேகத்தின் வடிவும் நிறமும் விரைவும் அவ்விளைஞர்க்குக் கவிஞன் வியக்கும் அழகாக அன்று, பிழைப்பிற்குரிய செய்தியாகவே முதலில் அறிமுகமாயின. அவ்வாலையின் மரத்தில் தம் பெயரையும் 1792 என்னும் ஆண்டையும் காற்றாலை உருவத்தோடு அவர் செதுக்கி வைத்தார். பிற்காலத்தில் ஆலைத் தொழிலை ஏற்று நடத்திய தம்பி ஆபிரகாம், ஏனையோர் எழுதிய ஆலைகள் சுழலா, ஜான் எழுதிய ஆலை சுழலும் என்று பெருமிதத்தோடு சொல்வாராம். தொழிலறிந்தவன் வாயினின்று வரும் பாராட்டு வேறு வகையானது.

ஊரில் குழாய் வேலையும் கண்ணாடி வேலையும் செய்து வந்த டன்தார்ன் என்பவர்க்கும் ஓவியப் பித்து உண்டு. இருவரும் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குச் செல்வர். நிழல் ஓரிடத்தினின்று பெயர்ந்தவுடன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்திற்கு மீண்டும் வந்து தொடர்வர். காலை ஒளியில் தொடங்கியதை மாலை ஒளியில் முடித்தால் படம் பொய்யாகிவிடும் என்பது அவர்கள் கொள்கை.

1799-இல் தந்தையின் இசைவைப் பெற்று இலண்டன் இராயல் அகாடமிப் பள்ளியில் ஜான் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வேறோர் உலகம். புராணமும் போரும் எழுதுபவர்க்கே அந்நாளில் மதிப்பு. நிலக்காட்சி எழுதுபவர் கடைசி வரிசையினர். அவர்களும் நேரே வயலைப் பார்த்து எழுதுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த பேரோவியர்களின் படங்களைப் பார்த்தே எழுதினர். அப்படங்களில் பூசிய மெருகெண்ணெய் காலத்தால் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. அப்பழுப்பே இயற்கையின் நிறம் என மயங்கிப் புல்லையும் மரத்தையும் பழுப்பாகவே தீட்டினர். வானம் என்பது பொருள்களின் பின்னே விரித்த வெள்ளைத் துணிபோல் இருந்தாற் போதும் என்பது அவர்கள் அறிவுரை.

ஜார்ஜ் போமாண்ட் என்னும் பெருஞ்செல்வர் கான்ஸ்டபிளிடம் மெய்யான அன்பு கொண்டவர். கலைக்காகப் பொருளை வாரி வழங்கியவர். இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 1824-இல் தோன்றியதற்கு அவர் தந்த படங்களும் ஒரு காரணம். எனினும் பழுப்பு நிறத்தில் அவர்க்கு இருந்த பற்று பெரிது. பழைய வயலினின் நிறமே படத்தின் அடிப்படை நிறமாக இருக்க வேண்டுமென ஒருமுறை அவர் வற்புறுத்தினார். கான்ஸ்டபிள் வாதாடவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துச் சென்று, வீட்டின் முன்னிருந்த பசும்புல் தரையின்மேல் வைத்துவிட்டு வந்தார்.

அகாடமியின் தலைவராயிருந்த பெஞ்சமின் வெஸ்ட் என்பவரும் இவர் வரலாற்றில் மறக்கத்தகாதவர். இளைஞரின் படமொன்று கண்காட்சியில் மறுக்கப்பட்டபோது அவர் ஆறுதல் கூறியதோடு நில்லாமல் இரண்டு செய்திகளைச் சொல்லியனுப்பினார். ஒளியும் நிழலும் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை என்பது ஒன்று. வானில் எத்துணைக் கருமேகம் எழுதினும் அக்கருமை ஈயத்தின் கருமையாக இராமல் வெள்ளியின் கருமையாக இருத்தல் வேண்டுமென்பது மற்றொன்று. ஓவியப் பள்ளியில் தாம் பெற்ற பாடங்களுள் இதுவே தலையாயது எனக் கான்ஸ்டபிள் கருதினார்.

1802-இல் இராணுவக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர் பதவி கிடைக்கும் நிலை வந்தது. நிலையான ஊதியம், வீட்டாரும் மகிழ்ந்திருப்பர். அவர் மறுத்துவிட்டார். பிறர் படங்களின் பின்னே ஓடியது போதும், ஊர் சென்று இயற்கையையே நேரிற் கற்பேன் என்று டன்தார்னுக்கு எழுதிவிட்டுக் கோடைதோறும் பெர்கோல்ட்டுக்குத் திரும்பலானார். 1806-இல் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரி மலைநாட்டிற்குச் சென்று இரண்டு திங்கள் தங்கிப் பல படங்கள் வரைந்தார். பலவற்றின் பின்புறம் அன்றைய வானிலையையும் குறித்தார். ஆனால் மலைகளின் தனிமை அவர் உள்ளத்தை அழுத்திற்று. வேலியும் வாய்க்காலும் ஆலையும் ஆளும் இருக்கும் தாழ்நிலமே அவர்க்கு உகந்தது. வெளிநாடு எதற்கும் அவர் வாழ்நாளில் சென்றதில்லை.

இப்பிடிவாதத்திற்கு அவர் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். 1809 முதல் மரியா பிக்னெல் என்னும் நங்கைக்கும் அவர்க்கும் அன்பு மலர்ந்தது. மரியாவின் தந்தை அரசுக் கடற்படைத் துறையின் வழக்கறிஞர். பாட்டனார் பெர்கோல்ட் ஊரின் பாதிரியார், பெருஞ்செல்வர். விற்பனையாகாத வயற்படங்களை எழுதும் ஒருவர்க்குப் பெயர்த்தியைத் தர அம்முதியவர் இசையவில்லை. ஏழாண்டுகள் கடிதங்களிலேயே கழிந்தன. உருவப்படம் எழுதினால் பணம் வரும். வேண்டாவெறுப்பாக அவற்றையும் எழுதிப் பார்த்தார். இறுதியில் தந்தை கோல்டிங் 1816-இல் மறைந்து, குடும்பத் தொழிலின் வருவாயில் ஒரு பங்கு கிடைத்த பின்னரே, அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 40. நடத்தி வைத்தவர் அவருடைய உயிர்த்தோழரான ஜான் ஃபிஷர் என்னும் இளம் பாதிரியார். மணமக்களைத் தம்மோடு தங்குமாறு தென்கடற்கரையிலுள்ள ஆஸ்மிங்டன் என்ற ஊருக்கு அவர் அழைத்துச் சென்றார்.

அந்த 1816, ஐரோப்பாவில் கோடையில்லா ஆண்டு எனப் பெயர் பெற்றது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றில் தம்போரா எரிமலை வெடித்து உமிழ்ந்த நுண்துகள் உலகெங்கும் பரவி வெயிலைக் குறைத்திருந்தது. மழையும் குளிரும் மிக்க அவ்வாண்டின் இறுதியிலே புதுமணத் தம்பதியர் கடற்கரையில் உலாவினர். கணவர் வேமவுத் வளைகுடாவின்மேல் கனத்து நின்ற மேகத்தை எழுதினார். தேனிலவில் மேகம் எழுதும் கணவரைப் பொறுத்துக்கொண்ட மரியா அம்மையாரை நாம் போற்ற வேண்டும்.

மரியாவின் நுரையீரல் வலிவற்றது. இலண்டன் புகை ஆகாதென்று 1819 முதல் நகரின் வடக்கேயுள்ள ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வீடு எடுத்துக் கோடைகாலங்களைக் குடும்பத்தோடு கழிக்கலாயினர். நோயாளி மனைவிக்காகச் சென்ற இடம் ஓவியர்க்குத் தவச்சாலையாயிற்று. உயர்ந்த மேடாகையால் மறைப்பின்றி வானம் நாற்புறமும் விரிந்து கிடக்கும். 1821, 1822 ஆகிய இரண்டாண்டுகளில் அவர் அங்கே செய்த வேலை ஓவிய வரலாற்றில் புதுமையானது. சிறு தாளில் எண்ணெய் வண்ணத்தால், மேகம் கலைவதற்குள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வானத்தை மட்டும் எழுதுவார். தொடக்கத்தில் அடியில் மரக்கிளையாவது இருந்தது. பின்னர் அதுவும் போயிற்று. 1822-இல் மட்டும் இத்தகைய வான்படங்கள் ஏறத்தாழ 50 எழுதியதாக ஃபிஷருக்குத் தெரிவித்தார்.

ஒவ்வொன்றின் பின்னும் நாள், மணி, காற்றின் திசை, தாம் நோக்கிய திசை, சற்றுமுன் மழை பெய்ததா, பின்னர்ப் பெய்ததா என்பவற்றையெல்லாம் குறித்து வைப்பார். 1822 செப்டம்பர் 5-ஆம் நாள் காலை 10 மணிக்குத் தென்கிழக்கு நோக்கி எழுதிய ஒரு தாளில், மேல்காற்று விசையாக அடித்ததையும், மஞ்சள் ஒளிப் படுக்கையின் குறுக்கே சாம்பல் மேகங்கள் விரைந்தோடியதையும் அவர் குறிப்பு தெரிவிக்கிறது. இக்குறிப்புகளைப் பிற்கால வானிலை அறிஞர்கள் அந்நாளைய இலண்டன் வானிலைப் பதிவேடுகளோடு வைத்து நோக்கிப் பெரும்பாலும் பொருந்துவதைக் கண்டனர்.

மேகங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய அறிவியலும் அப்பொழுதுதான் பிறந்திருந்தது. லூக் ஹோவர்டு என்னும் இலண்டன் மருந்து வணிகர் 1802-இல் நிகழ்த்திய உரையில், கீற்றாகப் படர்வது சிர்ரஸ், குவியலாய் எழுவது குமுலஸ், படலமாய் விரிவது ஸ்ட்ரேட்டஸ், மழை பொழிவது நிம்பஸ் எனப் பெயர் வகுத்தார். அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவற்றை விளக்கிய தாமஸ் ஃபாஸ்டரின் நூல் கான்ஸ்டபிளிடம் இருந்தது. ஓரங்களில் தம் கருத்துகளை எழுதி அதனைப் படித்தார். ஒரு வான்படத்தின் பின்புறம் சிர்ரஸ் என்னும் சொல்லையே அவர் குறித்திருக்கிறார்.

இத்துணை உழைப்பும் எதற்கு? நிலத்தில் விழும் ஒளி முழுவதற்கும் வானமே ஊற்று என்பதை அவர் கண்டுகொண்டார். மேகமற்ற நாளில் வெயில் ஒருபுறத்தினின்றே வரும். நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விளிம்பு கூர்ந்து நிற்கும். அந்நிழலுக்குள்ளும் நீலவானத்தின் ஒளி புகுந்து சிறிது நீலம் ஏறும். வானம் முழுதும் வெண்படலம் மூடினால் ஒளி எல்லாப் பக்கமும் பரவி வரும், நிழல் கரையும், மரத்தின் பசுமையும் செங்கல்லின் செம்மையும் மென்மையுற்றுத் தம் உண்மை நிறத்தைக் காட்டும். குவிமேகங்கள் தனித்தனியே மிதந்து செல்லும் நாளிலோ நிலமே ஓடும். இவ்வயல் இருளும், அப்பாலுள்ள வயல் மின்னும். அடுத்த நொடியில் மின்னியது இருண்டு, இருண்டது மின்னும். மழை ஓய்ந்தவுடன் வரும் வெயில் இன்னும் வேறு. காற்றிலுள்ள தூசியை மழை கழுவிவிடுவதால் தொலைவிலுள்ள கோபுரம் அருகே வந்தாற்போல் தோன்றும். நனைந்த இலை ஒவ்வொன்றும் சிறு கண்ணாடியாகி வானத்தின் வெண்மையையே திருப்பிக் காட்டும். அப்பொழுது இலையின் நிறம் பச்சையன்று, வெள்ளை. கண் அதனைக் காணும். மனம், இலை பச்சைதானே என்று மறுக்கும். கான்ஸ்டபிள் கண்ணை நம்பினார். வெண்வண்ணத்தைப் பொட்டுப் பொட்டாக இலைமேலும் நீர்மேலும் தூவினார். ஆகவே, வானத்தைப் பின்துணியாக்காமல், படத்தின் சுருதியாகவும் உணர்ச்சியின் இருப்பிடமாகவும் கொள்ள வேண்டுமென்பது அவர் முடிவாயிற்று.

ஆறடி அகலப் பெரும்படங்களை இவர் எழுதத் தொடங்கியது இக்காலத்தில்தான். 1819-இல் வெண்குதிரை என்ற படத்தை ஃபிஷர் 100 கினி கொடுத்து வாங்கினார். அவ்வாண்டே அகாடமியின் துணை உறுப்பினர் பதவி கிடைத்தது. 1821-இல் காட்சிக்கு வந்தது, இன்று உலகறிந்த வைக்கோல் வண்டி. அந்நாளில் அதன் பெயர் நிலக்காட்சி, நண்பகல் என்பதே. ஃபிளாட்ஃபோர்டு ஆலைக்கருகே ஆற்றுத்துறையில் வெறும் வண்டியொன்று நீரைக் கடக்கிறது; இடப்புறம் ஒரு குடியானவர் வீடு; கரையில் ஒரு நாய்; அப்பால் புல்வெளியில் அறுவடையாளர் சிறு புள்ளிகளாகத் தெரிகின்றனர். வேறு கதை ஏதும் இல்லை. கதை வானத்தில் இருக்கிறது. மேகங்கள் திரண்டு நகர்கின்றன. அருகிலுள்ள மரங்களின்மேல் அவற்றின் நிழல். தொலைவுப் புல்வெளியில் மட்டும் வெயில். இன்னும் கால்மணி நேரத்தில் அவ்வெயில் வண்டியின்மேல் வந்துவிடும் என்று பார்ப்பவர்க்குத் தோன்றும்.

இலண்டனில் அதனை வாங்குவார் இல்லை. பாரிசைச் சேர்ந்த வணிகர் ஒருவர் 1824-இல் அதனையும் வேறிரண்டு படங்களையும் சேர்த்து 250 பவுனுக்கு வாங்கிச் சென்று பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். பிரெஞ்சு ஓவியர்கள் வியந்து நின்றனர். தெலக்ருவா என்னும் பேரோவியர் அதனைக் கண்ட பின் தம் பெரும்படமொன்றின் வண்ணங்களை மாற்றியமைத்தார் என்பர். மன்னர் பத்தாம் சார்லஸ் தங்கப் பதக்கம் அளித்தார். பதக்கத்தைப் பெறவும் கான்ஸ்டபிள் பாரிஸ் செல்லவில்லை.

தாய்நாட்டில் கிடைத்தது கேலியே. அகாடமியில் ஆசிரியராயிருந்த ஃபியூசெலி என்பவர், இவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மேலங்கியும் குடையும் வேண்டியிருக்கிறது என்பார். ஒருநாள் வாயிற்காவலரிடம் குடையைக் கேட்டே வாங்கிச் சென்றாராம். நகைக்கச் சொன்னதே ஆயினும், மழையை எழுதியவர்க்கு இதனினும் நல்ல சான்றிதழ் யாது என எனக்குத் தோன்றுகிறது. வெண்பொட்டுகளைக் கண்ட திறனாய்வாளர் அவற்றிற்குக் கான்ஸ்டபிளின் பனி எனப் பெயரிட்டனர். சாலிஸ்பரி நகரத்துப் பேராயர், நண்பர் ஃபிஷரின் சிற்றப்பனார் முறையினர், தம் பேராலயத்தை எழுதித் தருமாறு கேட்டார். 1823-இல் படம் வந்தது. ஆலயத்தின்மேல் ஒரு கருமேகம் நிற்பதைக் கண்டு பேராயர் முகம் சுளித்தார். ஆலயத்தின்மேல் தெளிந்த நீலவானம் வேண்டுமென்பது அவர் ஆசை. தமக்குப் பெருந்துணைவரான அவரை மீற முடியாமல், வேறொரு படத்தை வெயில் வானத்தோடு கான்ஸ்டபிள் எழுதினார். அது முடியுமுன் பேராயர் 1825-இல் மறைந்தார். 1830-இல் நிகழ்ந்தது இன்னும் கொடிது. அகாடமிக் கண்காட்சிக்குப் படம் தேரும் குழுவில் அவரே அமர்ந்திருக்கையில், சாலிஸ்பரி நீர்வயல் ஒன்றை எழுதிய அவருடைய படமே பிறர் படங்களோடு தவறுதலாகக் கலந்து வந்தது. யாருடையதென அறியாமல், பார்க்கச் சகியாத பச்சை என உறுப்பினர் தள்ளினர். அவர் எழுந்து தம் படத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். அடுத்த நாற்காலியில் இருப்பவர் சொல்லுக்கு மறுப்புரையாமல் தலையசைத்த நடுவர்களில் யானும் ஒருவன் ஆதலின் இதனை எழுதுகையில் என் பேனா சற்றே தயங்குகிறது.

மரியாவின் உடல்நலத்திற்காக 1824 முதல் பிரைட்டன் கடற்கரைக்குக் குடும்பத்தை அழைத்துச் சென்றார். கடலின்மேல் மழை கொட்டும் காட்சியொன்றை அங்கே சிறு தாளில் எழுதினார். கருவண்ணத் தூரிகையை மேலிருந்து கீழாக இழுத்த வீச்சுகள். அவற்றினடியே ஒரு கோடு கடல். நம் கடற்கரைச் சாலையில் மழை நெருங்கிவரக் கண்டவர்க்கு அப்படத்தை விளக்க வேண்டுவதில்லை.

கடற்காற்றும் மரியாவைக் காக்கவில்லை. ஏழாவது குழந்தை பிறந்த 1828-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 23-ஆம் நாள், எலும்புருக்கி நோயால் நாற்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் மரியாவின் தந்தை 20,000 பவுன் விட்டுச் சென்றிருந்தார். வறுமை தீர்ந்தது, யாருக்காகத் தீர வேண்டுமோ அவர் இல்லை. உலகத்தின் முகமே தமக்கு மாறிவிட்டதாகக் கான்ஸ்டபிள் எழுதினார். மூன்று திங்களில், 1829 பிப்ரவரியில், அகாடமியின் முழு உறுப்பினராக ஒரே வாக்கு மிகுதியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரினும் ஓராண்டே மூத்தவரான டர்னர் அப்பதவியை 1802-இலேயே பெற்றிருந்தார். மரியாதைக்காகக் காணச் சென்ற கான்ஸ்டபிளிடம், வரலாற்று ஓவியர்கள் பலர் காத்திருக்க இவர்க்கு இடம் கிடைத்தது நற்பேறே என்று அகாடமித் தலைவர் குறிப்பாகச் சொல்லியனுப்பினார்.

அவ்வாண்டு அவர் காட்சிக்கு வைத்தது ஹாட்லிக் கோட்டை. தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள இடிந்த கோட்டை அது. 1814-இல் கண்டு குறித்து வைத்தது. புயலடித்த இரவிற்கு அடுத்த காலை எனத் தலைப்பிலேயே வானிலையைக் குறித்தார். பிளந்து நிற்கும் கோபுரம், அலைந்து திரியும் பறவைகள், மேகக் கிழிசல் வழியே கடல்மேல் இறங்கும் வெள்ளொளி. வண்ணத்தைக் கத்தியால் அப்பி எழுதியிருக்கிறார். முன்னைய படங்களில் இருந்த நண்பகல் இதன்பின் அவரிடம் அருகியது. 1831-இல் எழுதிய சாலிஸ்பரிப் பேராலயத்தில் இடிமேகமும் மின்னலும் சூழ, அவற்றின்மேல் வானவில் வளைகிறது. வில் சென்று தொடுமிடம் நண்பர் ஃபிஷரின் இல்லம். அந்நண்பரும் மறு ஆண்டே மறைந்தார். வில் எப்பொழுதும் சூரியனுக்கு நேர் எதிரே தோன்றும் என்பதனை அறிந்தவர் கான்ஸ்டபிள்; அதன் வளைவையும் கோணத்தையும் படம் போட்டுக் கணக்கிட்ட தாள்கள் கிடைத்திருக்கின்றன. மேகம் கறுத்தால் அடங்கிப்போகும் பேராயர் இப்பொழுது இல்லை. வேண்டிய மட்டும் கறுப்பை இட்டார்.

டேவிட் லூக்காஸ் என்னும் இளம் செதுக்குக் கலைஞரைக் கொண்டு தம் படங்களை மெசோடின்ட் அச்சில் 1830 முதல் 1832 வரை வெளியிட்டார். உலோகத் தகட்டை முதலில் முற்றும் கருமையாக அச்சாகும்படி சொரசொரப்பாக்கி, ஒளி வேண்டுமிடத்தைச் சுரண்டிச் சுரண்டி வெளிக்கொணரும் முறை அது. இருளினின்று ஒளியை அகழ்ந்தெடுக்கும் இத்தொழிலில் கைப்பணம் கரைந்தது, வாங்குவோர் சிலரே. 1836-இல் இராயல் நிறுவனத்தில் நிலக்காட்சி ஓவியம் பற்றி நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஓவியம் ஓர் அறிவியல், படங்கள் அதன் சோதனைகள் என அறிஞர்கள் கூடிய அவையில் வாதிட்டார்.

1837 மார்ச் 31-ஆம் நாள் பகலெல்லாம் அரண்டல் ஆலையையும் கோட்டையையும் காட்டும் படத்தில் வேலை செய்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது, வயது 60. முதலில் வேலை செய்ததும் ஆலையில். இறுதியில் எழுதியதும் ஆலை. ஹாம்ப்ஸ்டெட் கல்லறையில் மரியாவின் அருகே அடக்கம் செய்தனர்.

நம் ஊரினருக்கு ஒரு செய்தி சொல்ல மறந்தேன். அவருடைய இரண்டாம் மகன் சார்லஸ் கோல்டிங், இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பணியிற் புகுந்தார். அக்கடற்படையின் தலைமையிடம் பம்பாய், அதாவது நாம் வாழும் இதே மும்பை. பின்னாளில் பாரசீக வளைகுடாவை அளந்து கடல்வரைபடம் ஆக்கியதற்காக அவர் பெயர் நிற்கிறது. ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் தந்தை எழுதியதினும் பன்மடங்கு பெரிய மேகங்கள் இத்துறைமுகத்தின்மேல் எழுந்து வருவதை அம்மகன் கண்டிருப்பார்.

மகள் இசபெல், வீட்டில் எஞ்சிக்கிடந்த வரைவுகளையும் வான்படங்களையும் 1888-இல் இலண்டன் தென்கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அதற்கு இன்று பெயர். விற்பதற்கென்றோ காட்சிக்கென்றோ எழுதப்படாத அவற்றைத்தான் இந்நாள் கலைஞர் தேடிச் சென்று காண்கின்றனர்.

போட்டித் தாள்கள் சங்க அலுவலகப் பேழையிலேயே இருந்தன. இக்கட்டுரையைத் தொடங்குமுன் அச்சிறுமியின் தாளைத் தேடியெடுத்தேன். பின்புறத்தில் பெயர், வகுப்பு, கட்டட எண் இவை மட்டுமே இருந்தன. மறுநாள் மாலை அவள் வீட்டிற்குச் சென்று அதனைக் கொடுத்தேன். எந்நாளில் எம்மணிக்குக் கண்ட மேகம் என்று கேட்டதற்கு, மாமா ஏன் இதையெல்லாம் கேட்கிறார் என்பதுபோல் முதலில் விழித்தாள். பின்னர், பள்ளி வண்டி வந்து நின்ற நேரம், நாலேகால், காற்று மாட்டுங்கா நிலையப் பக்கமிருந்து வந்தது, அப்புறம் மழை கொட்டியது என்றாள். ஒரு பென்சில் வாங்கி அதனை அவள் கையாலேயே தாளின் பின்புறம் எழுதச் செய்தேன்.